மலை சாய்ந்த தீபாவளி

கஞ்சாவைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து, பொன்னாடையும் சந்தன மாலையுமாக வீடு வந்து சேர்ந்த ஒரு பெண்மணிக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

கேட்டவள் செஞ்சி அரசு மருத்துவமனையில் என் இடத்துக்கு வந்திருக்கும் சின்னப் பெண். "அக்கா, தினமும் யாராவது போனை நீட்டிக்கினு வராங்க. கஞ்சா எண்ணெய் கேன்சருக்கு நல்லதாமே, உங்ககிட்ட இருக்குதான்னு கேக்குறாங்க. மருந்துக் கஞ்சா வேற, போதைக் கஞ்சா வேறன்னு சொன்னா, இன்னா வேறன்னு திருப்பிக் கேக்குறாங்க. நம்ம மருந்தாளுநர் சங்க மலருக்கு நீங்க எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் அனுபவம் இருக்குது" என்றாள். கடைசி வாக்கியத்தில் அவள் சிரிப்பை அடக்கியது போனிலேயே கேட்டது.

அனுபவம் இருக்கத்தான் செய்கிறது. மறைத்துப் பயனில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அம்மாவைக் கேட்டால்கூட என் கதையைச் சொல்லிவிடுவார். அவர் கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

சிங்கவரத்து மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும் கூலிக்குப் போன என் நைனா, "வெயில்ல நிக்காத வேலையா பாத்துக்கோ" என்று சொன்னார். அதற்காகவே மருந்தாளுநர் படிப்பு படித்தேன். நிழலில் வேலை கிடைத்தது, மின்விசிறி கிடைக்கப் பல வருடமானது. மருத்துவமனையின் பின்பக்கத்தில் சித்த மருத்துவப் பிரிவு. ஒரு சன்னல், அதற்கு உள்ளே நான், வெளியே வரிசை. சூரணம் பொட்டலம் கட்ட வேண்டும். தைலத்தை அவரவர் கொண்டுவரும் பாட்டிலில் ஊற்ற வேண்டும். லேகியத்தை அவரவர் டப்பாவில் வழித்துப் போட வேண்டும். வேலை இவ்வளவுதான் என்றாலும் என் நடையைப் பார்த்தவர்கள் மருத்துவமனையே என்னுடையது என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குக் கை மீது அபார நம்பிக்கை. மூன்று விரலால் சூரணத்தை அள்ளினால் தராசில் நிறுத்தது போல் இருக்கும் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். டாக்டர் கௌசல்யா எங்கள் பிரிவுக்கு வந்த முதல் வாரமே அதைக் கேள்விப்பட்டார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பையிலிருந்து ஒரு சின்ன மின்னணுத் தராசை எடுத்து மேசைமேல் வைத்து, நான் கட்டிய பொட்டலங்களை ஒவ்வொன்றாக அதில் வைத்தார். ஒரு பொட்டலத்தின் எடைகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. "நல்ல கைதான் அஞ்சலைம்மா. கோலம் போடலாம்" என்றார். அன்றிலிருந்து தராசு சன்னலோரத்திலேயே இருந்தது. நான் அதை ஒரு மாதம் துடைக்காமல் விட்டுப் பழி தீர்த்துக்கொண்டேன்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் எந்த மருந்தும் சன்னலைத் தாண்டுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு நான் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும், நோயாளி அதைக் காதால் கேட்க வேண்டும். யாருக்கு, எதுக்கு, எவ்வளவு, எப்போ. சளிக்குக் கொடுக்கும் ஆடாதோடை மணப்பாகாக இருந்தாலும் இதே சடங்குதான். வரிசை வாசல்வரை நிற்கும், அவர் நிதானமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் வராத நாட்களில் அவரைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு, "யாருக்கு? எதுக்கு?" என்று நடித்துக் காட்டி வரிசையில் நிற்பவர்களைச் சிரிக்க வைப்பேன். எனக்கு இருந்த கலைத்திறமைக்கு அரசாங்கம் தனியாகப் படி கொடுத்திருக்கலாம்.

கஞ்சாவுக்கு வருகிறேன். சித்த மருத்துவத்தில் அதுவும் ஒரு மருந்துச் சரக்கு. நாங்கள் அதைப் பாடமாகப் படித்திருக்கிறோம். இப்போது அதன் இலையிலிருந்து, உரிமம் வாங்கிய சில நிறுவனங்கள் மருந்து செய்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்க முடியாது. என் சன்னல் வழியாக அது ஒருநாளும் போனதில்லை. கையால் தொடாத சரக்கு என்பதால் பேசாமல் இருந்துவிட முடியுமா? பள்ளிக்கூடங்களில் போதை ஒழிப்புக் கூட்டம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மைக்கை வாங்கினால் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பேன்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் பத்மா வந்தாள். பத்மாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவள் கணவர் தரணேந்திரன், சிங்கவரத்தில் விவசாயம். பரம்பரையாக அங்கேயே இருக்கும் சமணக் குடும்பம். காய்ந்த சுக்கு, மஞ்சள் தவிர வேரில் விளைகிறதைச் சாப்பிட மாட்டார்கள், தேன் சேர்க்க மாட்டார்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. பத்மா பிறந்த வீட்டிலும் இதே வழக்கம்தான். பள்ளி நாட்களில் அங்கே போனால் ஆறு மணிக்குள் எனக்கும் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து நான் இன்னொரு முறை சாப்பிடுவேன். என் உடம்பின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

தரணேந்திரனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் குடலில் புற்றுநோய். அறுவை முடிந்து, புதுச்சேரி பெரிய மருத்துவமனையில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றி வீட்டுக்கு வந்தால் விடியவிடிய வாந்தி. எடை இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இறங்கினால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், இப்போது தள்ளிப்போடுவது நல்லதல்ல என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவர் உயிர் அந்த எடையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இட்லிய பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்கிறாரு, அஞ்சலை. என் தம்பி மவன் ஒரு வீடியோ அனுப்பினான். கஞ்சா குடுத்தா வாந்தி நின்னு பசி எடுக்குமாமே? கேன்சரும் கரைஞ்சிடுமாம். நெசமா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு மைக் கிடைத்தது போல் ஆகிவிட்டது.

"இத பாரு பத்மா. கேன்சர் கரையுதுன்னு சொல்றது கதை. அத்த வுடு. போதைக்கு வாங்குறவனுக்குத் தலை கிறுகிறுக்கணும். நோயாளிக்கு வாந்தி நிக்கணும், தலை கிறுகிறுக்கக் கூடாது. தேவையே தலைகீழா இருக்குது. மருந்துன்னா உள்ள இன்னா இருக்குது, எத்தினி இருக்குதுன்னு பாட்டில் மேல போட்டிருக்கும். பொட்டலத்துல வர்றதுல இன்னா பூச்சி மருந்து அடிச்சானோ, எத்தினி நாள் பூஞ்சை புடிச்சிக் கெடந்துதோ, யாருக்குத் தெரியும்? ஒரு பொட்டலம் மாரி இன்னொண்ணு இருக்காது. வெளிநாட்டுல கீமோ வாந்திக்கு அதுல இருந்து மாத்திரை செஞ்சி குடுக்குறாங்க, மத்த மாத்திரை கேக்கலன்னாதான். அதுவும் டாக்டரு பக்கத்துல இருந்து பாத்துக்கினு. வெளிய வாங்கினா போலீஸ் கேஸு."

அத்தனையும் சரி. இன்றைக்கும் அதில் ஒரு வரியை மாற்ற மாட்டேன். அத்தோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரை முடிந்திருக்கும். ஆனால் நான் படித்தவள் என்பதை இன்னும் கொஞ்சம் காட்ட வேண்டியிருந்தது.

"எங்க சித்த வைத்தியத்துல அத்த அப்படியே போட மாட்டாங்க, தெரியுமா? சுத்தி பண்ணுவாங்க. கழுவி, காய வெச்சி, நெய்யில வறுத்து, அப்பறம்தான் மருந்துல சேக்குறது" என்றேன்.

பத்மா நல்ல சமையல்காரி. பூச்சி மருந்தும் பூஞ்சையும் போலீசும் அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. கழுவுவதும் காய வைப்பதும் நெய்யில் வறுப்பதும் நன்றாக விழுந்தன. போதைப் பொருளுக்கும் மருந்துக்கும் நடுவில் இருப்பது ஒரு வாணலியும் இரண்டு கரண்டி நெய்யும்தான் என்று புரிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

தீபாவளி காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப்புடவை கட்டி, அதிரசத் தூக்கோடு ஷேர் ஆட்டோவில் சிங்கவரம் போனேன். அண்ணன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. குளிப்பதற்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. பத்மா பின்கட்டில் இருந்தாள். நான் நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன்.

மேடைமேல் பெரிய தூக்கு நிறையத் தீபாவளி லேகியம். அலமாரியின் உள்ளே, ஒரு சின்ன டப்பாவில் தனியாகக் கொஞ்சம் லேகியம். தனியாக வைத்திருந்தால் அதுதான் விசேஷமானது என்று சமையல்கட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நெய் மேலே மிதந்தது. நெல்லிக்காய் அளவு எடுத்து வாயில் போட்டேன். லேகியத்தோடு எத்தனை வருடப் பழக்கம், நாக்கில் வைத்தாலே சரக்கைச் சொல்லிவிடுவேன்!

"சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஏலம்" என்று பின்கட்டுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தேன். "ஓமம் கொஞ்சம் தூக்கலா இருக்குது பத்மா. வெல்லப் பாகு பதம் சரியா வந்திருக்குது. எல்லாம் புடிச்சிட்டேன் பாரு!" பாராட்டின் கையோடு இன்னொரு உருண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பத்மா ஓடிவந்தாள். என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"எத்தினி சாப்ட?"

"ரெண்டு உருண்டை. ஏன், தீபாவளியும் அதுவுமா கண்ணு வெக்கிற?"

அவள் டப்பாவைப் பிடுங்கிப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். வாசலில் கணவர் இருக்கிறார், அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தொட மாட்டார்.

வாசலில் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. முதலில் வாய் வறண்டது. பிறகு நான் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியம் எங்கே தொடங்கியது என்று மறந்துபோனது. அதிரசத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றபோது நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் ராஜகிரி மலை மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. மேலே இருக்கும் செஞ்சிக் கோட்டையோடு சேர்ந்து, எங்களைப் பார்த்து.

"அண்ணே, மலையைக் கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்லுங்க. வூட்டு மேல சாயுது" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "சொல்லி அனுப்பலாம் அஞ்சலை. ஆனா தாசில்தார் லீவுல இருக்குறாரே" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது நிர்வாகத்தின் அலட்சியமாகப் பட்டது. பொதுமக்களைக் காப்பாற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னை நீக்காமல் வைத்திருந்த மருத்துவமனை வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். "ராஜகிரி சாயுது. எல்லாரும் வூட்ட வுட்டு வெளிய வாங்க. நான் சிங்கவரத்துல இருந்து ஒரு கையால புடிச்சிக்கினு இருக்குறேன்." பூக்கட்டும் அம்மா வரைக்கும் போய்ச் சேர்ந்தது இந்தப் பதிவுதான்.

அதன்பிறகு வந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. செத்துவிடுவேன் என்று நம்பினேன். நெஞ்சுத் துடிப்பு காதில் கேட்டது. கை கால் என்னுடையதாக இல்லை. இது எப்போது முடியும், முடியுமா என்று தெரியவில்லை. அதுதான் பெரிய பயம். அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான அந்தக் கையைத்தான் நான் மலைக்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

டாக்டர் கௌசல்யா பதிவைக் கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பண்டிகைப் புடவையோடு என் பக்கத்தில் மண்டியிட்டு நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"என்ன சாப்பிட்டீங்க அஞ்சலைம்மா?"

"லேகியம்."

"யாருக்குப் பண்ண லேகியம்?"

தெரியாது.

"எதுக்கு?"

தெரியாது.

"எவ்வளவு? எப்போ?"

"நெல்லிக்கா அளவு" என்றேன். எப்போது என்பது நினைவில்லை. நான் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்த கேள்விகள் என் எதிரில் உட்கார்ந்திருந்தன.

பத்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி மகன் கொண்டுவந்த பொட்டலம், கழுவியது, காய வைத்தது, நெய்யில் வறுத்தது. "அஞ்சலைதான் சொன்னா, சுத்தி பண்ணா மருந்துன்னு." தரையில் படுத்திருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன். மலையே விழுந்து தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

"துடிப்பு அதிகமாத்தான் இருக்கு. ஆனா பயப்படுற மாதிரி இல்ல. நான் இங்கேயே இருக்கேன். கூடினா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார் டாக்டர். பிறகு பத்மாவிடம், "அஞ்சலைம்மாவுக்கே இப்படின்னா, இவருக்கு?" என்றார். என் உடம்பு என்ன, அண்ணன் உடம்பு என்ன! இரண்டு மாதமாகச் சாப்பாடு தங்காத மனிதர். குளித்துவிட்டு வந்ததும் அவர் வாய்க்குப் போக வேண்டியது அந்த டப்பா.

அண்ணன் பத்மாவைப் பார்த்து, "எனக்குத் தெரியாம எனக்குக் குடுக்கப் பாத்தியா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சா நீங்க சாப்புடுவீங்களா? உங்க வெரதத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன், நீங்க போயிட்டா?" என்று பத்மா கத்திவிட்டாள். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சத்தம் அது.

டாக்டர் அண்ணனிடம், "வாந்திக்கு புதுச்சேரியில மாத்திரை தந்திருப்பாங்களே, என்ன தந்தாங்க?" என்று கேட்டார். பத்மா எடுத்துவந்து காட்டினாள். நல்ல மாத்திரை, காலையும் இரவும் போட வேண்டியது. அட்டைகள் நிறைய மீந்திருந்தன.

"எப்போ போடுறீங்க?"

"காலைல."

"ராத்திரி?"

"பொழுது சாஞ்சா நான் பச்சைத் தண்ணி கூட வாயில வெக்கிறதில்லீங்க. என் அம்மா காலமான நாள்ல இருந்து எடுத்துக்கிட்ட விரதம்."

"புதுச்சேரியில சொன்னீங்களா?"

"மாத்திரை போடுறீங்களான்னு கேட்டாங்க. போடுறேன்னேன். போடுறேன்தானே, காலைல?"

இரவு மாத்திரை இல்லாமல்தான் விடியவிடிய வாந்தி. பத்மா பிறந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும், மாத்திரையும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. கஞ்சாவைப் பற்றி அத்தனை பேசியவள், "அண்ணே, இருக்கிற மாத்திரைய எப்போ போடுறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"முதல்ல இதை ஒழுங்கா போடணும். நேரத்தை நாமளா மாத்தக் கூடாது, அவங்களைக் கேட்டு மாத்தலாம்" என்றார் டாக்டர். "அப்பவும் நிக்கலன்னா அவங்களோட கலந்து பேசிட்டு வேற மருந்து பார்க்கலாம். நீங்க தேடின சரக்குலயே உரிமம் உள்ள மருந்து இருக்கு. அது தேவைப்பட்டாலும் ரொம்பக் கொஞ்சமா ஆரம்பிச்சு, உங்க மத்த மருந்தோட ஒத்துப்போகுதா, தூக்கம், மனசு, நெஞ்சுத் துடிப்பு எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டேதான் தருவோம். இது இன்னதுன்னு உங்ககிட்ட சொல்லித்தான் உங்க கையில தருவோம்."

சின்னப் பெண்ணே, நீ கேட்ட 'இன்னா வேற'வுக்கு இதுதான் பதில். சுத்தி பண்ணுவது தேவைதான், அதோடு முடிந்துவிடாது. நான்கு கேள்விக்கும் பதில் இருந்தால், நோயாளிக்கு அது தெரிந்திருந்தால், பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் மருந்து. பதில் இல்லாமல் பெட்டியில் கிடந்ததால் புதுச்சேரி மாத்திரைகூட அவருக்கு மருந்தாகவில்லை.

மிச்ச லேகியத்தை டாக்டர் முன்னாலேயே கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். நான் சாயங்காலம்தான் தெளிந்தேன். தெளிந்ததும் பசித்தது. ஆறு மணிக்குள் சாப்பாடு போட்டுவிட்டார்கள்.

அடுத்த நாளே புதுச்சேரிக்குப் போனோம். விரதத்தைக் கேட்டு அங்கே யாரும் சிரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் முடியும்படி மருந்தை மாற்றி அமைத்துக் கொடுத்தார்கள். எதை எப்படி மாற்றினார்கள் என்று எழுத மாட்டேன். எழுதினால் யாராவது அதையே செய்து பார்ப்பீர்கள், நான் பட்டது போதும். வாந்தி முழுக்க நிற்கவில்லை, பாதியாகக் குறைந்தது. இட்லி இறங்கியது. எடை இறங்குவது நின்றது. அடுத்த கீமோ தள்ளிப்போகவில்லை. இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கிறது.

மருந்து ஏற்றி வந்த நாட்களில் சாயங்காலம் அண்ணன் எனக்குப் போன் செய்வார். "மாத்திரை போட்டுட்டேன் அஞ்சலை" என்பார். உடனே, "மலை எடத்துல இருக்குதா?" என்று கேட்பார். நான் மாடிக்குப் போய் ராஜகிரியைப் பார்த்துவிட்டு, "இருக்குதுண்ணே" என்பேன். அவர் சிரித்துவிட்டு வைப்பார்.

நேற்று போன் வரத் தாமதமானது. வெயில் கோட்டைச் சுவரில் ஏறி, உச்சிக்குப் போய், அதுவும் மங்க ஆரம்பித்துவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், நேற்று நான் வெறும் காபிதான் குடித்திருந்தேன். ஆனாலும் போன் மணி அடிக்கிற வரைக்கும் அந்த மலை ஆடிக்கொண்டேதான் இருந்தது.